பக்கத்துத் தெருவில் நிறுத்திய கார்

கடவுள் இல்லை என்று சொன்னதற்காக லண்டனில் எந்த வெள்ளைக்காரனும் எனக்குத் தொல்லை தந்ததில்லை. தோலின் நிறத்துக்காக ஏச்சு வாங்கியிருக்கிறேன். பஸ் தரிப்பிடத்தில் ஒருவன் என் மேல் துப்பியிருக்கிறான். ஆனால், எண்பதுகளின் தொடக்கத்தில் கிழக்கு லண்டன் தபால் நிலையத்தில் கடிதம் தரம் பிரிக்கிற வேலைக்குச் சேர்ந்த நாள் முதல், நீ எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று அங்கே ஒருவனும் கேட்கவில்லை. எங்கள் ஷிப்டின் மேற்பார்வையாளர் ஒரு கிழவர். கிறிஸ்மஸ் காலத்தில் தானும் எதையும் நம்புவதில்லை என்றும், கேக் மட்டும் பிடிக்கும் என்றும் சொல்லிச் சிரித்தார். ஒருமுறை கவுன்சில் தேர்தலுக்கு வாக்குக் கேட்டு ஒரு பெண் இல்ஃபோர்ட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். குப்பை எடுப்பதைப் பற்றியும் தெருவிளக்கைப் பற்றியும் நெடுநேரம் கதைத்தாள். நான் வேண்டுமென்றே, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போவாயா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை நித்திரை கொள்வேன் என்றாள். அவள் வென்றாள். தெருவிளக்கும் வந்தது.

எனக்கு வந்த தொல்லையெல்லாம் எங்கள் தமிழ்ச் சனத்தால்தான்.

யுத்தத்துக்குத் தப்பி ஊரிலிருந்து வந்து இறங்கிய பொடியன்களை அகதிப் பதிவுக்குக் குரோய்டனுக்குக் கூட்டிப் போக நான் வேண்டும். விடியற்காலையில் குடிவரவு அலுவலகக் கட்டடத்தின் வாசலில் அவர்களோடு வரிசையில் நடுங்கிக்கொண்டு நிற்க நான் வேண்டும். டொக்டரிடம் வயிற்றுவலியை இங்கிலிஷில் சொல்ல, உதவிப்பணத்துக்காகப் பெனிபிட் ஒபிசில் சண்டை பிடிக்க, எல்லாவற்றுக்கும் நான் வேண்டும். பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம் தொடங்குவோம் என்று கூடி, நிர்வாகத்துக்கு ஆட்களைத் தெரிவு செய்கிற நேரம் வந்தால் மட்டும் ஒரு குரல் எழும்பும்: “அவர் நல்ல மனுசன்தான், ஆனால்…”

அந்த ‘ஆனால்’ மேல் எனக்கிருக்கிற கோபம் இன்னும் ஆறவில்லை. அந்தச் சொல்லுக்குப் பிறகு ஒருவரும் எதையும் சொல்லி முடிப்பதில்லை. தலையை ஆட்டுவார்கள், தேத்தண்ணியைக் குடிப்பார்கள், அடுத்த பெயருக்குப் போவார்கள். ஒரு பெண் கோயில் வரிசையில் நின்றுகொண்டு என் மனைவியிடம் கேட்டாளாம்: “உங்கடை அவர் குடிக்கிறேல்லை, அடிக்கிறேல்லை. பிறகேன் சாமி இல்லையெண்டு சொல்லுறார்?” குடித்து அடித்திருந்தால் அவளுக்கு விளங்கியிருக்கும்.

என் வீட்டில் இந்தச் சண்டை இல்லை. மனைவியும் என் தங்கையும் வெள்ளிக்கிழமை தவறாமல் மனோர் பார்க் கோயிலுக்குப் போவார்கள். நான்தான் காரில் கொண்டுபோய் விடுவேன். அவர்கள் உள்ளே போவார்கள், நான் வாசலுக்கு எதிரே காரில் பேப்பர் படித்துக்கொண்டு இருப்பேன். அந்தப் பழைய நீலக் கார் அங்கே நிற்பது எல்லாருக்கும் தெரியும். பூசை முடிந்து வரும்போது தங்கச்சி அவித்த கடலையைக் கடதாசித் தட்டில் கொண்டுவந்து ஜன்னலால் நீட்டுவாள்.

“இது பிரசாதமில்லை அண்ணை, வெறும் கடலை. பயப்பிடாமல் சாப்பிடுங்கோ.”

அப்பா செத்த பிறகு, எண்பதுகளின் கடைசியில், அவளை நான் இங்கே கூப்பிட்டேன். ஊரில் என்ன பார்த்துவிட்டு வந்தாளோ, முதல் வருஷம் சிரிக்கவே இல்லை. கடவுள்தான் தன்னைக் கொண்டுவந்து சேர்த்தவர் என்பாள். கொண்டுவந்தது நான் என்பேன். “உங்களை எனக்கு முன்னம் இஞ்சை அனுப்பினது ஆர்?” என்று கேட்பாள். அதற்கு மேல் நாங்கள் போவதில்லை. அவளுடைய நம்பிக்கையை நான் பகிடி பண்ணியதில்லை, என்னைத் திருத்த அவளும் வந்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் அவளுக்கு முப்பது தாண்டிவிட்டது. சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற நேர்சரியில் வேலை. வந்த சம்பந்தங்கள் ஒன்று சாதகத்தில் நின்றன, இல்லாவிட்டால் வயதில் நின்றன. அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். ஆனால் நேர்சரிப் பிள்ளைகளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் அவளால் நிறுத்த ஏலாது. அவளுக்கென்று ஒரு வீடும் பிள்ளையும் வேண்டும் என்பதை அதற்கு மேல் யாரும் எனக்கு விளக்கத் தேவையில்லை.

அப்போதுதான் அமெரிக்கச் சம்பந்தம் வந்தது. கொண்டுவந்தவர் என் மனைவியின் சித்தப்பா. நான் மாமா என்று கூப்பிடுவேன். இல்ஃபோர்ட்டில் பாதிக் கலியாணம் அவர் பேசியதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வந்து, படத்தை மேசையில் வைத்தார்.

“மாப்பிளை எஞ்சினியர். வயது பொருத்தம், சாதகம் பொருத்தம். நல்ல பொடியன். அந்த ஊர்ப் பள்ளிக்கூடச் சபைக்கு எலெக்‌ஷன் கேக்கப்போறார். முழுக்க வெள்ளையள் இருக்கிற ஊர். வெண்டால் பிறகு இன்னும் மேலை போகலாம்.”

தங்கச்சி குசினிக் கதவடியில் நின்றாள். படத்தை ஒருதரம் பார்த்தவள், இன்னொருதரமும் பார்த்தாள். என் மனைவி என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தாள்.

“ஒரு விஷயம் இருக்குத் தம்பி,” என்றார் மாமா. தேத்தண்ணிக் கோப்பையைச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தார். “பொம்பிளையின்ரை தமையன் சாமி இல்லையெண்டு திரியிறவராமே எண்டு தகப்பன் கேட்டவர். ஆரோ சொல்லிப்போட்டினம்.”

“ஆரும் பொய் சொல்லேல்லை மாமா. உண்மைதானே.”

“இல்லைத் தம்பி, அங்கை அது பெரிய பிரச்சினையாம். இஞ்சத்தைய மாதிரி இல்லையாம். எலெக்‌ஷனுக்கு நிக்கிறவன் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் ஒருமாதிரிச் சமாளிக்கலாமாம். சாமியே இல்லையெண்டால் முடிஞ்சுதாம். அவன் பொய் சொல்லுவான், களவெடுப்பான், ஒண்டுக்கும் பயப்பிடான் எண்டு சனம் நினைக்குமாம். பொம்பிளை வீட்டிலை அப்பிடி ஒருத்தர் எண்டு தெரிஞ்சால் மாப்பிளைக்குத்தான் இழுக்கு.”

எனக்குத் தலைக்குள் ஏதோ கொதித்தது. “நான் எப்ப மாமா பொய் சொன்னனான்? எப்ப களவெடுத்தனான்? உங்கடை மருமோன் பொடியனுக்குக் குரோய்டனிலை ஆர் வந்து நிண்டது? அண்டைக்கு ஆரும் என்னட்டைச் சாமியைப் பற்றிக் கேட்டவையோ?”

“கோவிக்காதையுங்கோ. தகப்பனும் மோனும் இந்தக் கிழமை லண்டன் வருகினம், சனிக்கிழமை கோயிலிலை தற்செயலாச் சந்திக்கிற மாதிரிப் பேசியிருக்கு. நீங்களும் வேட்டி கட்டி, நெத்தியிலை வடிவாத் திருநீறு பூசிக்கொண்டு வந்து நிண்டால் காணும். தகப்பன் கேட்டால், அது இளம் வயதிலை, இப்ப அப்பிடி இல்லையெண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ.”

எங்கள் ஆட்களின் பெண் பார்க்கிற வழக்கம் அது. வீட்டுக்கு வந்து பார்த்துப் பிடிக்காமல் போனால் இரண்டு பகுதிக்கும் அவமானம். அதனால் முதலில் கோயிலில், ஒருவரையொருவர் எதிர்பாராதவர்கள் போல, பிரகாரத்தைச் சுற்றிவரும்போது பார்த்துக்கொள்வார்கள். எல்லாருக்கும் எல்லாம் தெரியும். ஒருவரும் தெரிந்ததாகக் காட்டமாட்டார்கள்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். தங்கச்சியின் கலியாணத்தில் அப்பாவின் இடத்தில் நின்று, விரலில் தர்ப்பை போட்டு, தாரை வார்த்துக் கொடுக்க நான் ஆயத்தமாகத்தான் இருந்தேன். ஐயர் சொல்லுகிற இடத்தில் தண்ணீரை வார்ப்பதற்கு எனக்கு ஒரு தடையும் இல்லை. அது அவளுடைய சடங்கு, அவளுக்காகச் செய்வேன். ஆனால் நம்புகிறேன் என்று வாயால் சொல்லச் சொன்னால் அது வேறு. அதை நான் சொல்லமாட்டேன் என்றேன்.

மாமா போன பிறகு மனைவி பிடித்துக்கொண்டாள். “இஞ்சேருங்கோ, அது வெறும் சாம்பல் எண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்? வெறும் சாம்பல் எண்டால் ஒருநாளைக்குப் பூசினால் என்ன குறைஞ்சு போம்?”

கெட்டித்தனமான கேள்விதான். பதிலுக்குக் கத்தினேன். கத்தியதில் கதிரை ஒன்று விழுந்தது. தங்கச்சி வந்து கதிரையை நிமிர்த்தினாள்.

“அண்ணை பூச வேண்டாம் மச்சாள். நம்பாமல் பூசினால் அவருக்கு ஒண்டுமில்லை. எனக்குத்தான் அவமரியாதை.”

கடைசியில் மாமாவே ஒரு வழி கண்டுபிடித்தார். எனக்குச் சனிக்கிழமை ஷிப்ட் என்று சொல்லிவிடுவது. ஆனால் பெண்களைக் கொண்டுபோய் விட ஆள் வேண்டும். என் காரைத் தெரியாதவர்கள் கோயிலில் இல்லை. ஆகவே பக்கத்துத் தெருவில், மூலைக்கு அப்பால் நிறுத்தச் சொன்னார். இத்தனை வருஷமும் வாசலில் பகிரங்கமாக நின்றவன் நான். தங்கச்சிக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன்.

சனிக்கிழமை அவள் பச்சை நிறத்தில் சேலை உடுத்தி, மேலே குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் ஏதோ பாட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அவள் பாடிக் கேட்டு எவ்வளவோ காலம். மூலையில் இறக்கிவிட்டேன். இருவரும் கோயில் பக்கம் திரும்பி மறைந்தார்கள். நான் வரிசை வீடுகளுக்கு முன்னால், குப்பைத் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு, களவெடுத்தவன் போல ஒளிந்திருந்தேன். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது.

கொஞ்ச நேரத்தில் ஒருவன் அந்த மூலையால் வேகமாகத் திரும்பினான். புதுச் சப்பாத்து, நீளமான கோட். இரண்டு பக்கமும் பார்த்தான். சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து நெற்றியிலிருந்த திருநீற்றை அழுத்தித் துடைத்தான். பிறகு என் காரைக் கண்டு, ஜன்னலில் தட்டினான்.

“அண்ணை, மினிகாப்தானே?”

அந்த நாட்களில் எங்கள் ஆட்களில் பலர் சனி ஞாயிறில் மினிகாப் என்று வாடகைக் கார் ஓடினார்கள். பழைய காரில் ஒரு தமிழன் சும்மா இருந்தால் வேறென்ன நினைப்பது? இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின்கதவைத் திறந்து ஏறிவிட்டான். கண்ணாடியில் முகத்தைப் பார்த்தேன். மேசையில் கிடந்த படத்தின் அதே முகம்.

“ஒரு சிகரெட் வாங்க வேணும். கடைக்குப் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்து விட்டால் காணும். உள்ளுக்கை மூச்சு முட்டுது.”

ஏனென்று தெரியாது, நான் காரை எடுத்தேன்.

“கோயிலுக்கோ வந்தனீங்கள் தம்பி?”

“ஓம். பொம்பிளை பாக்க. அமெரிக்காவிலையிருந்து வந்தனான்.” சிரித்தான். “எனக்கு உதுகளிலை ஒரு நம்பிக்கையும் இல்லை அண்ணை. கம்பஸ் காலத்திலேயே விட்டிட்டன். ஆனால் அங்கை அதை வெளியிலை சொல்லேலாது.”

“ஏன் சொல்லேலாது?”

முன்பின் தெரியாத டிரைவரிடம் மனிதர்கள் எல்லாவற்றையும் சொல்வார்கள். அவனும் சொன்னான். வாக்குக் கேட்டு வீடு வீடாகப் போகும்போது முதல் கேள்வியே எந்தத் தேவாலயம் என்பதுதானாம். கோயில் என்றால் முகத்தைச் சுளித்துவிட்டு, சரி, ஏதோ ஒன்று இருக்கிறதே என்று ஆறுதலடைவார்களாம். அந்த ஊரில் ஒரு வாத்தியார். வெள்ளைக்காரர், எல்லாருக்கும் பிடித்தவர், பள்ளிக்கூடத்துக்காக நாயாகப் பாடுபட்டவர். இதே சபைக்கு நின்றாராம். கூட்டத்தில் யாரோ கேட்டதற்கு, தனக்கு நம்பிக்கை இல்லை என்று உண்மையைச் சொன்னாராம். அதற்குப் பிறகு தங்கள் பிள்ளைகளை அவரிடம் விடவே தாய்தகப்பன்மார் பயந்தார்களாம். தோற்றுப்போய், கடைசியில் ஊரையே விட்டுப் போனாராம்.

“நானும் அவருக்கு வோட்டுப் போடேல்லை,” என்றான். “அவரின்ரை ஆள் எண்டு நினைச்சுப்போடுவினம் எண்டு பயம்.”

“வோட்டுப் போடுறதை ஆர் பாக்கிறது?”

கடை வந்தது, அவன் இறங்கிப் போனான். சிகரெட்டை வாங்கிக்கொண்டு வந்து ஏறினான்.

“பொம்பிளை பிடிச்சிருக்கோ?”

“நல்ல பெட்டை. நல்ல பக்தி. எனக்கு அதுதான் வேணும். வீட்டிலை ஒரு ஆள் கும்பிட்டால் காணும், எலெக்‌ஷன் படத்துக்கும் வடிவு, ஒருத்தரும் என்னைக் கேக்கமாட்டினம். ஒரே பிரச்சினை தமையன்காரன். சாமி இல்லையெண்டு கத்தித் திரியிற ஆளாம். அந்தாளை எட்டத்திலை வைச்சால் சரி.”

பழைய இடத்தில் காரை நிறுத்தினேன். பின்பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

“தம்பி, இது மினிகாப் இல்லை. நான்தான் அந்தத் தமையன்.”

அவனுடைய கை தானாக நெற்றிக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை.

“அண்ணை… அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ.”

வேறு யாராவது, உண்மையாகவே சாமி கும்பிடுகிறவன், என்னை ஒதுக்கியிருந்தால் இவ்வளவு கோபம் வந்திராது. இவன் என் ஆள். நான் நம்பாததைத்தான் இவனும் நம்பவில்லை. ஆனால் ஒளிய வேண்டியவன் நான், பிரகாரம் சுற்றுகிறவன் இவன். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன்.

“உமக்கே இல்லாத சாமிக்காக என்னை ஏன் காணும் தள்ளி வைக்கிறீர்? என்ரை தங்கச்சி உமக்கு என்ன, வோட்டுக்கு முன்னாலை பிடிக்கிற குடையோ?”

“நீங்கள் லண்டனிலை இருந்துகொண்டு சுகமாக் கதைக்கிறியள் அண்ணை,” என்றான் மெதுவாக. “அங்கை வந்து ஒரு வருஷம் இருந்து பாருங்கோ.”

அவன் குரலில் இருந்தது பயம். அது நடிப்பில்லை. படித்தவன், உழைப்பவன், முப்பத்தைந்து வயதுக்காரன், யாரும் பார்க்காத தெருவில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிற்கிறான். ஒரு மனிதனை இப்படி ஆக்குகிற ஊர் என்ன ஊர்! அந்த நிமிஷம் எனக்கு அவன் மேலிருந்த ஆத்திரத்தில் பாதி அந்த நாட்டின் மேல் போனது. மிச்சப் பாதி அவன் மேலேயே இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. அவன் இறங்கிக் கோயில் பக்கம் போனான்.

தங்கச்சி திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. கடலை கொண்டுவர மறந்துவிட்டாள். “கதைச்சனான் அண்ணை. நேர்சரியைப் பற்றி ஆசையாக் கேட்டவர்,” என்றாள். என் மனைவிக்கு வாயெல்லாம் பல். சொல்லாமல் விட்டால் என்ன என்று ஒரு கணம் நினைத்தேன். சொன்னால் கலியாணம் குழம்பும். குழம்பினால் சாமியில்லாதவன் குழப்பினான் என்று ஊர் சொல்லும். அவளுடைய வீடும் பிள்ளையும் என் நாக்கு நுனியில் நின்றன. ஆனால் அவள் ஒரு ஆயுசு முழுவதும் ஒரு பொய்யோடு ஒரே வீட்டில் இருக்கப்போகிறாள். காரை எடுக்காமலேயே எல்லாவற்றையும் சொன்னேன்.

மனைவி அழத் தொடங்கினாள். தங்கச்சி அழவில்லை.

“பூசினதை அழிச்சவரோ?”

“ஓம் பிள்ளை. இதிலை வைச்சுத்தான்.”

வீடு வரும்வரை அவள் ஜன்னலால் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த நாள் காலை அவன் தங்கியிருந்த வீட்டுக்கு அவளே போன் எடுத்தாள். நான் சோபாவில் இருந்தேன். அவள் என்னை எழும்பிப் போகச் சொல்லவில்லை. அவள் சொன்னது மட்டும்தான் எனக்குக் கேட்டது.

“நீங்கள் நம்ப வேண்டாம். அண்ணையும் நம்புறேல்லை, அவரோடைதானே இவ்வளவு காலமும் இருக்கிறன்… இல்லை, அதுக்கில்லை. உங்கடை அப்பாவுக்கு முன்னாலை ஒருக்கா அதைச் சொல்லுங்கோ. சொன்னால் எனக்குச் சம்மதம். நான் தனியக் கோயிலுக்குப் போவன், நீங்கள் காரிலை இருங்கோ.”

நெடுநேரம் மறுபக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எலெக்‌ஷன் முடியட்டுமோ? அது முடிய இன்னொரு எலெக்‌ஷன் வரும்,” என்று சொல்லிப் போனை வைத்தாள். பிறகு குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் அழுதாள்.

நான் நினைத்தபடியே ஊர் பேசியது. தமையன் மாப்பிள்ளையைத் தந்திரமாகக் காரில் ஏற்றி, அவனுக்கு என்னென்னவோ ஓதி, கலியாணத்தைக் குழப்பிவிட்டானாம். சாமியில்லாதவன் புத்தி வேறெப்படி இருக்கும் என்றார்களாம். அவன் வீட்டார் அப்படித்தான் சொன்னார்கள். அவன் மறுக்கவில்லை. பிறகு வேறொரு பெண்ணைக் கட்டி அந்தத் தேர்தலில் வென்றான் என்று மாமா சொன்னார். கைகூப்பி நிற்கிற படம் ஒன்றும் வந்தது. அதை நான் பார்க்க மறுத்துவிட்டேன்.

ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த வெள்ளியை. மனைவி வெட்கத்தில் வரமாட்டேன் என்று நின்றுவிட்டாள். தங்கச்சி தனியாக வந்து முன் சீட்டில் ஏறினாள். கோயிலை நெருங்கியபோது வாசலில் சனம் நின்றது. மாமாவும் நின்றார். அவளுக்குச் சங்கடம் வேண்டாம் என்று நினைத்து நான் காரைப் பக்கத்துத் தெருவுக்குள் திருப்பப் போனேன்.

“ஏன் அண்ணை உள்ளுக்கை திருப்புறியள்?”

“சனம் பாக்கும் பிள்ளை.”

“பாக்கட்டும். வாசலுக்கு நேரை விடுங்கோ.”

விட்டேன். கதைத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவள் இறங்கிக் கதவைச் சாத்தினாள். உள்ளே போகாமல் காரைச் சுற்றி என் பக்கம் வந்து, ஜன்னலைத் தட்டித் திறக்கச் சொல்லி, மாமாவுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

“அண்ணை, கடலை கொண்டுவாறன். இந்த இடத்தை விட்டு அசையாதேங்கோ.”